காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல் வயலில் எந்நேரமும் தண்ணீரைத் தேக்கி வைக்கக் கூடாது என்பது விவசாயம் தெரிந்தவர்கள் சொல்லும் பாடம். பாய்ச்ச வேண்டும், மண்ணில் மயிரிழை வெடிப்பு விழும் வரை காயவிட வேண்டும், பிறகு மறுபடி பாய்ச்ச வேண்டும். இதற்குக் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று பெயர். அதே ‘காய்ச்சல்’ வீட்டுக்குள் வந்தால் பொருள் வேறு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த சில வாரங்களில் ஒரே தெருவில் நாலு வீட்டில் ஆள் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். களையெடுக்க ஆள் கிடைக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசை நீளும். மறுநாள் நாளிதழில் ‘மர்மக் காய்ச்சல்’ என்று ஒரு செய்தி வரும்.

இந்த இரண்டு காய்ச்சலுக்கும் உறவு உண்டு. வயலுக்கும் ஆற்றுக்கும் கிடைக்க வேண்டிய காய்ச்சலும் பாய்ச்சலும் முறை தவறும்போது, அந்தக் காய்ச்சல் மனித உடலில் வந்து இறங்குகிறது. அது எப்போது வரும், யாருக்கு வரும், எந்தத் தண்ணீரிலிருந்து வரும் என்பதெல்லாம் பெரும்பாலும் அறியப்பட்டவை. அதில் மர்மம் குறைவு. ஆனால் அணையின் மதகைத் திறப்பவரும் ஊசி போடுபவரும் ஒரே மேசையில் உட்காருவதில்லை. பருவநிலை தடுமாறும் இந்தக் காலத்தில் அந்தப் பிரிவினைக்கு நாம் கொடுக்கும் விலை கூடிக்கொண்டே போகிறது.

நாலு பக்கத் தண்ணீர்

ஒரு மாவட்டத்தை எடுத்துப் பார்ப்போம். சுந்தரர் பிறந்த திருநாவலூர் நடுநாட்டின் பழைய ஊர். கெடிலக் கரை ஊர். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. அங்கே பெய்யும் மழையைக் கச்சிராயபாளையத்தை ஒட்டிய கோமுகி அணையும், கள்ளக்குறிச்சிக்கு அருகிலுள்ள மணிமுக்தா அணையும் தாங்கி நிறுத்துகின்றன. கோமுகியின் முழு உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. மணிமுக்தாவின் உயரம் 36 அடி, கொள்ளளவு சுமார் 737 மில்லியன் கன அடி. இரண்டையும் சேர்த்தாலும் 1,300 மில்லியன் கன அடிதான். வடக்கே தென்பெண்ணையின் குறுக்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில் நிற்கும் சாத்தனூர் அணையின் கொள்ளளவோ 7,321 மில்லியன் கன அடி. அதன் தண்ணீர் திருக்கோவிலூரைக் கடந்து கிழக்கே போகிறது. தென்பெண்ணையில் வெள்ளம் மிஞ்சினால் மலட்டாறு வழியாகக் கெடிலத்தின் பக்கமும் வந்து சேரும்.

கோமுகி, மணிமுக்தா போன்ற சிறிய அணைகளுக்கு ஒரு குணம் உண்டு. மலையில் இரண்டு நாள் அடைமழை பெய்தால் நிரம்பிவிடும். ஒரு கோடை நீண்டால் தரை தெரிந்துவிடும். மழை ஒழுங்காகப் பெய்த காலத்தில் இந்தக் குணத்தை அனுசரித்து வாழ முடிந்தது. புரட்டாசியில் எதிர்பார்த்து, ஐப்பசியில் திறந்து, தை வரை சம்பாவைக் கரை சேர்த்தார்கள். இன்று ஒரு பருவத்தின் மழை ஓரிரு நாளில் கொட்டுகிறது, இல்லையேல் பருவம் முழுக்கப் பொய்க்கிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கும் நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும் என்பது இயற்பியல். சேர்த்து வைத்ததை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகும் மேகங்களைத்தான் நாம் இப்போது அடிக்கடி பார்க்கிறோம்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் இதற்குச் சாட்சி. மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் மூழ்கின. அரசூருக்கு அருகே மலட்டாற்று வெள்ளம் சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையையே மறித்தது. எவ்வளவு தண்ணீரை எப்போது திறந்தார்கள், முன்கூட்டியே எச்சரித்தார்களா என்று பல நாள் வாதம் நடந்தது. அது தேவையான வாதம்தான். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு வரும் மூன்று மாதங்களைப் பற்றிய வாதம் எங்கும் நடக்கவில்லை.

நோய்க்கும் வரிசை உண்டு

வெள்ளத்துக்குப் பின்வரும் நோய்கள் கண்டபடி வருவதில்லை. அவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதல் வாரம் வயிற்றுப்போக்கு. மூழ்கிய ஆழ்துளைக் கிணறு, உடைந்த குடிநீர்க் குழாய், கழிப்பறைத் தொட்டியில் கலந்த வெள்ளம் ஆகியவை அதற்குக் காரணம். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் எலிக்காய்ச்சலும் டைபாய்டும். மூன்றாவது வாரத்திலிருந்து கொசுக்களின் முறை. தேங்கிய நீரில் முட்டை பொரித்துப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள், அது கிருமியை வாங்கிக் கடிக்க மேலும் சில நாள் என்று கணக்குப் போட்டால் டெங்கு எப்போது வரும் என்பதை நாட்காட்டியில் குறித்து வைக்கலாம். ஒரு மாதம் கடந்து மஞ்சள் காமாலை. வைரஸ் உடலுக்குள் தங்கி வெளிப்பட அதற்கு அவ்வளவு காலம் பிடிக்கும்.

இவற்றில் விவசாயியைக் குறிவைத்து வருவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரில் கலந்து வரும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் பல நாள் உயிரோடிருக்கும். மனிதனின் காலிலுள்ள வெடிப்பு வழியாக உள்ளே புகும். சேற்றில் நாளெல்லாம் நிற்கும் நடவுப் பெண்களின் காலில் சேற்றுப்புண் இல்லாத பருவம் ஏது? வரப்பில் எலி வளை இல்லாத வயல் ஏது? கிருமிக்குக் கதவு திறந்தே இருக்கிறது. காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு. முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு. கண் மஞ்சளாகிவிட்டது என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. இந்த மஞ்சள் எலிக்காய்ச்சலால் வந்ததாக இருந்தால், அப்படிக் கழியும் ஒவ்வொரு நாளும் உயிரிலிருந்து கழியும் நாள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக் மருந்தில் குணமாகும் நோய் இது.

கள்ளக்குறிச்சி கரும்பு மாவட்டமும்கூட. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்புக் கொல்லை எலிக்கு வசதியான வீடு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் இந்த நோயால் செத்து விழுந்தபோது, வெட்டுவதற்கு முன் தோகையைக் கொளுத்தி எலியை விரட்ட வேண்டும் என்று கேட்டு 1935-ல் வேலைநிறுத்தமே செய்தார்கள். அதைத் தொழில் சார்ந்த நோய் என்று அந்தத் தொழிலாளர்கள் அடையாளம் கண்டு 90 ஆண்டுகள் ஆகின்றன. நம் ஊரில் கரும்பு வெட்டப் போகிறவர் இன்றும் அதை ‘உடம்பு சரியில்லை’ என்ற ஒரு வார்த்தையில் கடந்து போகிறார்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் என்ன செய்தது என்று பாருங்கள். எலிக்காய்ச்சல் வரும் என்பதை எதிர்பார்த்து, வெள்ள நீரில் இறங்கியவர்களுக்கும் துப்புரவு செய்தவர்களுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தது. அப்படியும் நோய் வந்தது, உயிர்கள் போயின. ஆனால் மருத்துவர்கள் என்ன வரப்போகிறது என்று தெரிந்து காத்திருந்தார்கள். மர்மம் என்ற சொல்லுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

நம் மண்ணிலேயே நடந்த ஆய்வுகள்

அணைக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை உலகத்துக்குக் காட்டிய இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்து, கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டை வட்டத்துக்குப் புதிதாகத் தண்ணீர் போனது. வறண்ட புஞ்சை நஞ்சையானது. கூடவே மலேரியாவும் குடியேறியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் மருத்துவர் பால் ரஸ்ஸல் அங்கே தங்கி ஆராய்ந்தார். 1938-ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடும்: கோளாறான, ஒழுங்கற்ற பாசனத்தால் வரும் மலேரியா. தண்ணீர் வந்ததைக் குற்றமாக அவர் பார்க்கவில்லை. கால்வாய்க் கரைக்கு மண் எடுத்த குழிகள், கசிவு தேங்கிய பள்ளங்கள், வடிகால் இல்லாத மூலைகள் ஆகியவற்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்.

தென்பெண்ணைக்கும் அப்படியொரு வரலாறு உண்டு. ஆற்றங்கரை ஊர்களில் விடாமல் நீடித்த மலேரியாவைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் 1984-ல் ஓர் ஆய்வு வெளியானது. வேகமாக ஓடும் ஆற்றில் மலேரியாக் கொசு வளராது. ஓட்டம் நின்று, மணற்படுகையில் அங்கங்கே வெயில் படும் தெளிந்த குட்டைகள் மிஞ்சும்போது அது பெருகும். மேலே அணையில் மதகை மூடும் நாளில் கீழே ஆற்றில் குட்டைகள் பிறக்கின்றன. மணல் அள்ளிய பள்ளங்கள் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

மூளைக்காய்ச்சலும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல், வேலூரில். 1981-ல் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் அது பெரிதாகப் பரவியது. கள்ளக்குறிச்சியும் திருநாவலூரும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. இதைப் பரப்பும் கொசு வளருமிடம் சாக்கடை அல்ல, தண்ணீர் நிறுத்திய நெல் வயல். வயலுக்கு வரும் கொக்கு, நாரையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் கிருமியை வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறது. பிழைக்கும் குழந்தைகளில் பலர் வாழ்நாள் முழுக்க ஊனத்தோடு இருக்கிறார்கள். தடுப்பூசி வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது. ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும் போட வேண்டிய அந்த இரண்டு ஊசியை எந்தப் பெற்றோரும் தவறவிடக் கூடாது.

இன்னொரு ஆய்வு நமக்கு மிக நெருக்கமானது. யானைக்கால் நோய்க்கு மாத்திரை கொடுத்தால் போதுமா, கொசுவையும் ஒழிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடை தேடி, மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் 1990-களில் தேர்ந்தெடுத்த இடம் திருக்கோவிலூர் வட்டாரக் கிராமங்கள். கழிவுநீர்க் குழிகளில் மிதக்கும் தெர்மாகோல் மணிகளைக் கொட்டினார்கள். கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீன்களை விட்டார்கள். மாத்திரை எல்லா இடத்திலும் பலன் தந்தது. ஆனால் கொசுவையும் கட்டுப்படுத்திய ஊர்களில்தான் அந்தப் பலன் நிலைத்தது. அந்த முடிவு 2007-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாகி, உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. உடலுக்கு மருந்து, தண்ணீருக்கு ஒழுங்கு, இரண்டும் சேர்ந்தால்தான் நோய் போகும் என்ற பாடம் எங்கோ ஜெனிவாவில் எழுதப்பட்டதல்ல; நம் ஊர்க் கழிவுநீர்க் குழியில் எழுதப்பட்டது. எழுதிய மண்ணிலேயே அதை மறந்திருக்கிறோம்.

தண்ணீர் இல்லாத ஆண்டின் நோய்

வெள்ளம் மட்டும்தான் நோய் தரும் என்று நினைத்துவிடக் கூடாது. 1934-35-ல் இலங்கையில் மழை பொய்த்தது. எப்போதும் நீரோடும் ஈர வலயத்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அந்தக் குட்டைகளில் பெருகிய கொசுக்கள் கொண்டுவந்த மலேரியாவில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். வறட்சியால் வந்த கொள்ளைநோய் அது. அதே இலங்கை 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றைப் பெற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் வேறு எடுத்துக்காட்டு கிடையாது.

தமிழ்நாட்டில் 2016-ன் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. ஏறக்குறைய 140 ஆண்டுகளில் காணாத பற்றாக்குறை. அடுத்த ஆண்டு, 2017-ல், அரசுக் கணக்கின்படியே 23,294 பேருக்கு டெங்கு, 65 மரணங்கள். இரண்டுக்கும் நடுவே நிற்பது வாசலில் வைத்த டிரம். குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் குடம், அண்டா, சிமெண்ட் தொட்டி என எல்லாவற்றிலும் பிடித்துத்தான் வைப்பார்கள். டெங்குக் கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். மூடி போடாத பெண்ணைக் குற்றம் சொல்லி அபராதம் போடுவதற்கு முன், அவள் ஏன் பத்து நாள் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறாள் என்று கேட்பதுதான் நியாயம். வெப்பம் கூடும்போது கொசுவின் உடலுக்குள் வைரஸ் முதிரும் நாளும் குறைகிறது. தண்ணீர்ப் பஞ்சமும் வெயிலும் கைகோத்தால் கொசுவுக்குப் பொற்காலம்.

கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீரும் கணக்கில் வர வேண்டும். நாகார்ஜுனசாகர் அணை வந்த சில ஆண்டுகளில், அதன் பாசனப் பகுதிக் கிராமங்களில் இளைஞர்களின் முழங்கால்கள் உள்நோக்கி வளைவதை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் கண்டறிந்தார்கள். கால்வாய்க் கசிவால் நிலத்தடி நீர் மேலேறி மண்ணின் காரத்தன்மை மாறியது. சோளத்தில் மாலிப்டினம் கூடியது. உடலில் தாமிரம் குறைந்தது. ஏற்கனவே கிணற்று நீரில் இருந்த ஃபுளோரைடின் பாதிப்பு பன்மடங்கானது. அணை கட்டிய பொறியாளர் எவருக்கும் இது கனவிலும் தோன்றியிருக்காது. பாசனப் பகுதிக் கிணறுகளின் நீரை ஆண்டுதோறும் சோதித்து முடிவை ஊராட்சிப் பலகையில் ஒட்டுவது இதனால்தான் அவசியமாகிறது.

அணைக்காரரும் மருத்துவரும்

இவ்வளவும் சொல்வது அணைகள் வேண்டாம் என்பதற்காக அல்ல. கோமுகி இல்லையென்றால் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் நஞ்சை இல்லை. பசியும் நோய்தான். அணையைக் கட்டுகிறவர்களே அதனால் வரும் நோய்க்கும் பொறுப்பேற்க முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கில் 1933-ல் அணைகள் கட்டும் ஆணையம் தொடங்கியபோது அந்தப் பகுதி மலேரியாவில் கிடந்தது. ஆணையம் தனக்குள்ளேயே ஒரு மலேரியாப் பிரிவை வைத்துக்கொண்டது. கொசு பெருகும் பருவத்தில் நீர்த்தேக்கத்தின் மட்டத்தை வாரந்தோறும் கொஞ்சம் ஏற்றி இறக்கினார்கள். கரையோரத்துப் புழுக்கள் தரை தட்டிச் செத்தன. பிற நடவடிக்கைகளோடு சேர்ந்து, 1940-களின் இறுதிக்குள் அங்கே மலேரியா ஏறக்குறைய ஒழிந்தது. அவர்கள் நெல் வயலின் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பதை அணைக்கே செய்தார்கள்.

செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எத்தியோப்பியாவின் திக்ராய் பகுதி பாடம். அங்கே வறட்சியைப் போக்கச் சின்னச் சின்ன அணைகள் கட்டினார்கள். அணையிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் வாழ்ந்த குழந்தைகளுக்கு, 8 முதல் 10 கிலோமீட்டர் தள்ளி வாழ்ந்த குழந்தைகளைவிட ஏழு மடங்கு மலேரியா வந்ததை 1999-ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வின் முதன்மை ஆசிரியர் டெட்ரோஸ் கெப்ரியேசஸ், பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரானவர். சிறிய அணைகளும் நீண்ட வெயிலும் நம் மாவட்டத்துக்கும் சொந்தம் என்பதால் இந்தப் பாடம் நமக்கும் உரியது.

காய்ச்சலுக்கு இழப்பீடு உண்டா?

ஃபெஞ்சலுக்குப் பிறகு தமிழக அரசு இழப்பீடு அறிவித்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். செத்த மாட்டுக்கு 37,500 ரூபாய். இடிந்த குடிசைக்கு 10,000 ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மூன்று மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய். பயிருக்கும் மாட்டுக்கும் குடிசைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நிலமில்லாத ஒரு நடவுத் தொழிலாளி வெள்ளத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் மூன்று வாரம் படுத்தால் இழக்கும் கூலிக்குக் கணக்கில்லை. அவர் மகனைக் கூட்டிக்கொண்டு பேருந்தேறி மாவட்ட மருத்துவமனைக்குப் போய்வந்த செலவுக்கும், அதற்காக வைத்த அடகுக்கும் கணக்கில்லை. பயிர்ச் சேதத்தைப் பார்வையிட அதிகாரிகள் வருகிறார்கள். காய்ச்சல் சேதத்தைக் கணக்கெடுக்க யாரும் வருவதில்லை.

பட்டுக்கோட்டைக் கிராமங்களில் மலேரியாவால் ஒரு குடும்பம் எவ்வளவு இழக்கிறது என்று வீடு வீடாகப் போய் ரஸ்ஸல் குழுவினர் எடுத்த கணக்கு 1942-ல் வெளியானது. பிரிட்டிஷ் ஆட்சியில், உலகப் போருக்கு நடுவே செய்ய முடிந்த கணக்கை, வீடுதோறும் மருத்துவம் கொண்டு போகும் அரசால் இன்று செய்ய முடியாதா?

என்ன செய்யலாம்?

புதிதாக ஒரு துறையோ பெரிய திட்டமோ தேவையில்லை. இருப்பவற்றை ஒன்றோடொன்று பேச வைத்தால் போதும்.

முதலாவது, தகவல். அணையிலிருந்து நீர் திறக்கும்போது வருவாய்த் துறைக்கும் காவல் துறைக்கும் தகவல் போகிறது. அதே நேரத்தில் கீழேயுள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும். அந்த நாளை முதல் நாளாக வைத்து, மேலே சொன்ன நோய் வரிசைப்படி அடுத்த எட்டு வாரத்துக்கு ஒரு நாட்காட்டி தயாராக வேண்டும். முதல் வாரம் குளோரின், ஓஆர்எஸ் பொட்டலம். இரண்டாவது வாரத்திலிருந்து எலிக்காய்ச்சல் பரிசோதனை. மூன்றாவது வாரத்தில் கொசுப்புழுத் தேடல். காய்ச்சல் பரவிய பிறகு புகை அடிக்கும் இயந்திரத்தோடு வருவது, பயிர் கருகிய பிறகு மதகைத் திறப்பது போன்றதுதான்.

இரண்டாவது, வயல். காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும்; வயலிலிருந்து வெளியேறும் மீத்தேன் பாதியளவு வரை குறையும்; கொசுப்புழு முதிர்வதற்குள் வயல் காய்ந்தால் அதுவும் செத்துப்போகும். மூன்று பலன் ஒரே வேலையில். இதைத் தென்னிந்திய வயல்களில் சோதித்துப் பார்த்த மதுரை மையத்தின் ஆய்வாளர்கள் 1995-லேயே இதன் வாய்ப்புகளையும் சிக்கல்களையும் எழுதியிருக்கிறார்கள். சிக்கல் இருப்பது உண்மை. மேடுபள்ளமான வயலில் மாட்டுக் குளம்புக் குழிகளில் தண்ணீர் நின்றால் புழுவும் நிற்கும், சமன்படுத்த வேண்டும். பூக்கும் பருவத்தில் காயவிடக் கூடாது. களை கூடும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் நம்பிக்கை. அடுத்த முறைத் தண்ணீர் எந்த நாளில் வரும் என்று தெரியாத கடைமடை விவசாயி, கையிலிருக்கும் தண்ணீரை வடிய விடுவாரா? ஆகவே முறைப் பாசனத் தேதியை முன்கூட்டியே அறிவித்து, சொன்ன நாளில் சொன்ன தண்ணீரைத் தருவது நீர்வளத் துறை செய்யக்கூடிய முதல் மருத்துவ சேவை. பாசன மேலாண்மையில் விவசாயிகளுக்குப் பங்கு தரும் சட்டம் 2000-லிருந்தே இருக்கிறது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இந்தத் தேதிகளைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, ஆற்றுப்படுகையும் வாய்க்காலும். அணையை மூடிய பிறகு மிஞ்சும் குட்டைகளை வரைபடத்தில் குறித்து, ஊரக வேலைத் திட்டத்தில் வெட்டி வடித்துவிடலாம். வடிக்க முடியாத இடத்தில் மீன் விடலாம். தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில், குட்டைகளை அலசிவிடும் அளவுக்கு இடையிடையே சிறு திறப்பு செய்ய முடியுமா என்பதைப் பொறியாளர்கள் பரிசீலிக்க வேண்டும்.

நான்காவது, உடலுழைப்பாளரின் கால். நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்களுக்கு முழங்கால் உயர பூட்ஸ், சேற்றுப்புண்ணுக்கு மருந்து, வெள்ளக் காலத்தில் மருத்துவர் ஆலோசனையோடு தடுப்பு மாத்திரை. சேற்றில் பூட்ஸ் போட்டு நடவு நட முடியாது என்பது நடவு நட்டவர்களுக்குத் தெரியும். அப்படியானால் அவர்களுக்கு மாத்திரையும் பரிசோதனையும் இன்னும் அவசியமாகின்றன. 2021 முதல் வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கிறார்கள். வெள்ளத்துக்குப் பிந்தைய எட்டு வாரமும் அவர்களே காய்ச்சலைப் பற்றியும் கேட்கட்டும். எத்தனை நாள் கூலி போனது என்பதையும் குறிக்கட்டும். இழப்பீட்டுப் பட்டியலில் காய்ச்சலுக்கு இடம் கேட்கும் நாளில் அந்தக் கணக்கு கையில் இருக்கும்.

மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பு, கரும்பு நிலுவை, உரத் தட்டுப்பாடு எல்லாம் பேசப்படுகின்றன. வேளாண்மை, நீர்வளம், மின்வாரியம், கூட்டுறவு அதிகாரிகளுக்கு அங்கே நாற்காலி உண்டு. அந்த வரிசையில் மாவட்ட சுகாதார அலுவலரும் உட்கார்ந்து, போன மாதம் எந்த ஊரில் எத்தனை பேருக்கு என்ன காய்ச்சல் என்று வாசிக்க வேண்டும். நீர்வளத் துறைப் பொறியாளர் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் காலநிலை மாற்ற இயக்கம் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியரின் தலைமையில் இயங்க வேண்டும் என்று ஏற்கனவே வகுக்கப்பட்டிருக்கிறது. மரம் நடுவதோடு இந்த இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதும் அந்த இயக்கத்தின் வேலைதான்.

இனி கோமுகியில் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாளில் வழக்கம்போலப் பூ தூவுவார்கள். அன்றைக்கே அங்கிருந்து ஒரு தகவல் கீழேயுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போகட்டும்: ‘இன்று திறந்தோம், இத்தனை கன அடி, இத்தனை நாள், மூடும்போது மறுபடி சொல்கிறோம்.’ அதைச் சுகாதார ஆய்வாளர் தன் நோட்டில் எழுதி, அடுத்த எட்டு வாரத்துக்குத் தேதி போடட்டும். ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு பக்கக் காகிதமும்தான் செலவு. அதன்பின் காய்ச்சல் வயலோடு நிற்கும்.